தேவாலாவின் பொன்

கொடைக்கானலிலிருந்து பெருமாள்மலை வழியாகப் பழனிக்கு இறங்கும் சாலையில் எங்கள் பயணம் தொடங்கியது. உடுமலை, பொள்ளாச்சி, கோவை, உதகை, நடுவட்டம் என்று சுற்றிக் கூடலூரில் இரவு தங்கினோம். மறுநாள் காலை நாடுகாணியைத் தாண்டித் தேவாலாவுக்கும் பந்தலூருக்கும் போவதாகத் திட்டம். ஒரு மலையை விட்டு இன்னொரு மலைக்கு இவ்வளவு தூரம் எதற்கு என்று கேட்ட நண்பரிடம், பொன் தேடி என்றோம். சிரித்தார்.

1880-இல் இதே பதிலைச் சொன்னவர்களைப் பார்த்து எவரும் சிரித்திருக்கமாட்டார்கள். குறும்பர்களும் பணியர்களும் ஓடை மணலை அரித்துப் பொன் எடுத்துவந்த மண் இது. 1874-இல் தேவாலாவில் ஆல்பா தங்கக் கம்பெனி தொடங்கப்பட்டது. 1877-இல் தென்கிழக்கு வயநாடு மலபாரிலிருந்து பிரிந்து நீலகிரி மாவட்டத்தில் சேர்ந்தது. பின்னர் இந்திய அரசு, ராபர்ட் பிரஃப் ஸ்மித் என்பவரை ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து வரவழைத்தது. அங்கே சுரங்கத் துறைச் செயலராக இருந்து, கீழ்ப்பணியாளர்களை வாட்டினார் என்ற விசாரணைக்குப் பின் 1876-இல் பதவி விலகியவர். அவருடைய அறிக்கை லண்டன் பங்குச் சந்தையைப் பித்தேற்றியது. முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. அவற்றின் காகித மூலதனம் பல லட்சம் பவுன். இலைநோயாலும் தண்டுதுளைப்பானாலும் நொடித்துக் கிடந்த காப்பித் தோட்டங்கள் தங்க விலைக்குக் கைமாறின. உண்மையில் பொன் கண்டவர்கள் தோட்டத்தை விற்றவர்கள் மட்டுமே என்பது எங்கள் எண்ணம்.

பாறையை இடிக்கும் இயந்திரங்கள் காட்டுப் பாதைகளில் ஏற்றப்பட்டன. பந்தலூர் ஒரு நகரத்தின் கோலம் பூண்டது. ஆனால் ஒரு டன் வெண்கல் பாறையை அரைத்தால் கிடைத்த பொன், அரைத்த கூலிக்கே போதவில்லை. வயநாட்டுக் காய்ச்சல் வேறு. இரண்டு மூன்று ஆண்டுகளில் எல்லாம் அடங்கிவிட்டது. பொன் கோலாரில் இருந்தது. அந்தச் சுரங்கமும் 2001-இல் மூடப்பட்டது.

நாங்கள் புறப்பட்டு வந்த கொடைக்கானலுக்கு இப்படியொரு கனவு வாய்க்கவில்லை. சமவெளிக் காய்ச்சலுக்குத் தப்பி 1845-இல் அமெரிக்க மிஷனரிமார் அங்கே வீடு கட்டினர். 1863-இல் லெவிஞ்ச் ஏரியை அமைத்தார். மோட்டார் சாலையோ முதல் உலகப் போர்க் காலத்தில்தான் வந்தது. காய்ச்சலுக்குப் பயந்து ஏறிய ஊர் நிலைத்தது. பொன்னுக்கு ஆசைப்பட்டு ஏறிய ஊரைக் காய்ச்சலும் சேர்ந்து காலியாக்கியது.

பந்தலூரில் இன்று எங்கு திரும்பினாலும் தேயிலைதான். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்கள் பலர் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். கம்பெனிகள் கைவிட்டுப் போன குழிகளுக்குள் இன்றும் இரவில் இறங்குகிறவர்கள் உண்டு. அனுமதியில்லாத வேலை. மண் சரிந்தும் மூச்சு முட்டியும் இறந்தவர்களைப் பற்றிய செய்திகள் அவ்வப்போது வருகின்றன. தோட்டக் கூலியில் குடும்பம் நடத்தியவர்களுக்கு அந்த இருட்டு எப்படித் தெரிந்திருக்கும் என்று ஊகிக்கலாம். குற்றம் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

தேநீர்க்கடையில் ஒரு பெரியவரோடு பேச்சுக் கொடுத்தோம். சிறுவனாக அப்பாவோடு கப்பலில் வந்தவராம். “அங்கயும் கொழுந்துதான், இங்கயும் கொழுந்துதான் சார்” என்றார். பழைய குழி ஒன்றைப் பார்க்கவேண்டும், வழி காட்டுவீர்களா என்று கேட்டோம். கண்ணாடி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, வேண்டாம் என்று தலையசைத்தார்.