ஐஸ்லாந்தின் சுற்றுவீதி

இன்று ஐஸ்லாந்துக்குச் செல்லும் தம்பதியர் வாடகை மோட்டார் வண்டியில், ஒருபுறம் கடலும் மறுபுறம் எரிமலையும் பனிக்கட்டியாறுமாக, ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளமான வீதிவழியே தீவைச் சுற்றிவருகின்றனர். இவ்வட்டம் 1974ஆம் ஆண்டிலேயே முழுமையுற்றது. அதுவரை ஸ்கெய்தரா மணல்வெளியின் ஆறுகள் வீதியைத் துண்டித்திருந்தமையால், தென்கிழக்கில் வாழ்ந்தோர் வீதிவழியே தலைநகரை அடைய வடபுறத்தைச் சுற்றியே செல்ல நேர்ந்தது. பரிசுச் சீட்டிழுப்புடன் கூடிய கடன்முறிகளை வாங்கி மக்களே இப்பணிக்குப் பணம் உதவினர். குடியேற்றத்தின் 1,100ஆம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்ட அதே ஆண்டில் 904 மீற்றர் நீளமான ஸ்கெய்தராப் பாலம் திறக்கப்பட்டது.

எனினும் நிலம் அடங்கியதன்று. 1996 செப்டெம்பர் இறுதியில் வத்னாயோகுல் பனிக்கவிப்பின் கீழ் எரிமலை குமுறியது. உருகிய நீர் நவம்பர் 5ஆந் திகதி பெருக்கெடுத்து, அயலிலிருந்த பாலமொன்றை முற்றாகவும் ஸ்கெய்தராப் பாலத்தின் ஒரு பகுதியையும் அழித்தது. சில வாரங்களில் வீதி மீண்டும் இணைக்கப்பட்டது. ஆனால், பனிக்கட்டியாறு பின்வாங்கியமையால் 2009இல் ஸ்கெய்தரா தன் போக்கையே மாற்றிக்கொண்டது. பெருவெள்ளத்திற்கு அஞ்சிக் கட்டப்பட்ட பாலம் வறண்ட மணலின்மேல் நின்றது. 2017இல் சிறு பாலமொன்று அதன் இடத்தைப் பெற்றது. வெள்ளம் முறுக்கிய இரும்பு உத்தரங்கள் வீதியோரத்தில் நினைவுச்சின்னமாய் உள்ளன. காட்சியழகை நாடிச் செல்வோர் அவ்விடத்திற் சற்றே தரித்துச் செல்லுதல் தகும்; அவர்தம் பயணத்தின் விலை அங்கேதான் எழுதப்பட்டுள்ளது.