பால் காட்டாப் பெயரும் வினையீறும்

ஆங்கிலப் படர்க்கை ஒருமைக்குப் பால் காட்டாத 'தொன்' என்னும் புதுப்பெயரைக் கான்வர்ஸ் என்பார் 1884-இல் முன்மொழிந்தார். வெப்ஸ்டர் பேரகராதி 1934-இல் அதனை ஏற்று, 1961-இல் நீக்கிற்று. நம் 'தான்' என்னும் சொல்லோ அவன், அவள், அது என்னும் மூன்றற்கும் பொதுவாய்த் தொன்றுதொட்டு நிற்பது. இதுகொண்டு பெருமை கொள்ளற்கில்லை. தமிழில் பால் வினையீற்றில் உறைதலின், பெயரை மட்டும் படைத்துப் பயனில்லை.

ஆண்மை திரிந்த பெயர்க்கும் தெய்வப் பெயர்க்கும் தமக்கென ஈறில்லை, உயர்திணை ஈறே கொள்ளும் எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் இதனைத் தெளிவுறக் கூறினார். 13-ஆம் நூற்றாண்டின் நன்னூலாரோ பேடு அஃறிணை போன்றும் வரும் என்றார். இதனை இலக்கண வளர்ச்சி என்பாரும் உளர். நாம் இழுக்கென்றே கொள்வோம்.

இராஜபாளையத்து ராஜுக்களின் இல்லமொழியாகிய தெலுங்கை ஈண்டு நோக்குக. ஒருமை வினையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ஆண்டு ஓரீறே; பன்மையிலோ பெண்டிர் ஆடவரோடு சேர்ந்து உயர்திணை ஈறு பெறுவர். வீட்டில் அவ்வாறு முடிக்கும் நாவே தெருவில் தமிழ் பேசுங்கால் 'வந்தாள்' என்கிறது. ஆகலின், பாற்பகுப்பு மொழிதோறும் வேறுபடும் மரபேயன்றி இயற்கையின் கட்டளையன்று.

திருநங்கையர் ஒருவரை 'அவர் வந்தார்' எனல் இன்று வழக்காகி வருகிறது. பலர்பால் ஈறு உயர்வு பற்றி ஒருமைக்கு வந்தது அது. பாலை மறைப்பினும் மதிப்பைக் கேட்கும். மதிக்க ஒருப்படாதார் வாயில் 'அது வந்தது' என்பது இன்னும் கேட்கிறது.