கணவாய்ச் சாலையைச் சுமந்தவர்கள்

இமயத்தில் நெடும்பயணம் செய்யும் மிதிவண்டிக்காரர்கள் பெரிதும் நாடும் வழிகளுள் ஒன்று மணாலி – லே சாலை. ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்திலுள்ள மணாலியில் தொடங்கும் இவ்வழி, ரோதாங், பாராலாச்சா, நக்கீ லா, லாச்சுலுங் லா, தங்லங் லா என்னும் ஐந்து கணவாய்களைக் கடந்து, 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் முடிகிறது. ரோதாங் 3,978 மீட்டர். தங்லங் லா 5,300 மீட்டருக்கும் மேல். வாகனத்தில் இரண்டு நாளில் முடியும் பயணம் மிதிவண்டியில் எட்டு முதல் பத்து நாள் வரை நீளும்.

இவ்வழியைப் பற்றி எழுதுவோர் பலர் மனித முயற்சியையும் தனிமையையும் தீண்டப்படாத இயற்கையையும் புகழ்வார்கள். அப்புகழ்ச்சியில் முதலிரண்டும் உண்மை. மூன்றாவது உண்மையன்று. மனிதக் கால்களும் கைகளும் நூற்றாண்டுக்கணக்கில் உழைத்திராவிட்டால் இங்கே ஒரு சக்கரமும் உருண்டிருக்காது. அந்த உழைப்பு யாருடையது என்ற கேள்வியே இச்சாலையின் வரலாறு.

சாலைக்கு முன்பு இது வணிகப் பாதை. லடாக்கின் தெற்கிலுள்ள ருப்ஷு மேய்ச்சல் நிலத்திலிருந்தும் திபெத்திலிருந்தும் கம்பளியும் பஷ்மினாவும் உப்பும் வெண்காரமும் தெற்கே வந்தன; தானியமும் துணியும் வடக்கே சென்றன. சுமையின் பெரும்பகுதியை ஆடுகளே தூக்கின. முதுகின் இருபுறமும் தொங்கும் சிறு பைகளில் உப்பைச் சுமந்தபடி மந்தைகள் கணவாய்களைக் கடந்து வந்தன. லாஹூலில் தர்ச்சாவுக்கு வடக்கே உள்ள பட்சியோவில் கோடைதோறும் கூடிய சந்தையில், வடக்கிலிருந்து வந்த மேய்ப்பரும் குல்லு, லாஹூல் வணிகரும் பண்டமாற்றுச் செய்தனர்.

சுமை விலங்கு ஒரு நாளில் நடக்கக்கூடிய தொலைவு சற்றேறக்குறைய இருபது கிலோமீட்டர். ஆகவே தண்ணீர், புல், காற்றுக்கு மறைவு ஆகிய மூன்றும் சேர்ந்து கிடைத்த இடங்களே தங்கல்களாயின. கேலாங், தர்ச்சா, பட்சியோ, சர்ச்சு, கியா என்று அவை வரிசையாக அமைந்தன. இன்றைய மிதிவண்டிப் பயணியின் நாள்வழித் திட்டத்தில் இதே பெயர்கள் மீண்டும் வருவது தற்செயல் அன்று. ஒரு நாளில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் மிதிப்பவருக்கும் தண்ணீரும் மறைவும் வேண்டும். உயரத்துக்கு உடல் பழக வேண்டுமாதலால், 3,000 மீட்டருக்கு மேல் உறங்குமிடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்துவது நலம் என்பது மருத்துவர் சொல்லும் விதி. விரைவு கூடாது என்ற அந்த விதிக்கு, ஆட்டு மந்தையோடு நடந்தவர்கள் அதன் காரணம் அறியாமலே கட்டுப்பட்டிருந்தனர்.

இப்பாதையை விரிவாக எழுதி வைத்த முதல் ஐரோப்பியருள் வில்லியம் மூர்க்ராஃப்ட் முக்கியமானவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணைக்குப் பொறுப்பாளராக இருந்த கால்நடை மருத்துவர் அவர். புகாராவில் நல்ல குதிரை வாங்கும் நோக்கத்தோடு, ஜார்ஜ் டிரெபெக் என்பவரையும் அழைத்துக்கொண்டு, 1820இல் குல்லுவிலிருந்து ரோதாங்கையும் பாராலாச்சாவையும் கடந்து லேயை அடைந்தார். 1825இல் அவர் இறந்த பிறகு, அவருடைய பயணக் குறிப்புகளை ஹோரஸ் ஹேமன் வில்சன் பதிப்பித்து 1841இல் வெளியிட்டார். குதிரை தேடிப் போனவரின் கண், போகும் வழியிலேயே கம்பளி வணிகத்தின் மீதும் விழுந்தது. அப்பார்வை பின்னர் ஆட்சியாளரின் பார்வையாயிற்று.

1846இல் குல்லுவும் லாஹூலும் ஆங்கிலேயர் வசமாயின. 1870இல் காஷ்மீர் மன்னர் ரண்பீர் சிங்குடன் செய்துகொண்ட வணிக உடன்படிக்கை, லாஹூல் எல்லையிலிருந்து லடாக் வழியாக யார்க்கந்து செல்லும் பாதையைச் சுங்கமற்ற பொதுவழியாக்கிற்று. வழியைக் கவனிக்கக் கூட்டு ஆணையர்கள் அமர்த்தப்பட்டனர். தங்கலிடங்களும் உணவுப்பொருளும் சுமை விலங்குகளும் வழிநெடுகக் கிடைக்க ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு. ஏற்பாடு என்ற அச்சொல்லுக்குள் மறைந்திருந்தது பேகார் என்னும் கட்டாய உழைப்பு. அதிகாரியோ சலுகை பெற்ற பயணியோ வரும்போது, அறுவடைக் காலமென்றும் பாராமல், ஊரார் தம் முறைக்குச் சுமை தூக்கவும் மட்டக்குதிரை தரவும் கடமைப்பட்டிருந்தனர். கூலி சில வேளை கிடைக்கும்; மறுக்கும் உரிமை கிடையாது.

மிதிவண்டியின் வரலாறு இவ்விடத்தில் வந்து சேர்கிறது. ஃபேனி புல்லக் வொர்க்மன், வில்லியம் ஹண்டர் வொர்க்மன் என்ற அமெரிக்கத் தம்பதியர் 1897 இறுதியில் இலங்கைக்கு வந்து, பின் இந்தியாவின் தென்முனையிலிருந்து வடக்கு நோக்கி மிதிவண்டியிலேயே பயணம் செய்தனர். 1904இல் வெளிவந்த அவர்களது நூலின் தலைப்பு, பதினான்காயிரம் மைல் சக்கரப் பயணத்தைச் சொல்லும்போதே அதைச் சமவெளிக்குரியது என்றும் வரையறுக்கிறது. 1898 கோடையில் லடாக், காரகோரம் பக்கம் அவர்கள் சென்றது சுமைகூலிகளின் துணையோடு. மலையில் சக்கரம் உருள வழியில்லை. அத்தம்பதியர் சுமைகூலிகளோடு ஓயாமல் பிணங்கியதும், கூலிகள் அவர்களை விட்டு நீங்கியதும் மலையேற்ற வரலாற்றில் நன்கறியப்பட்டவை. பயணிக்குச் சோம்பலாகத் தோன்றியதை, மறுக்க உரிமையற்ற மனிதனின் மறுப்பாகவும் படிக்கலாம்.

அம்மறுப்பு வெளிப்படையான குரலாக எழுந்தது அண்டையிலுள்ள சிம்லா மலைகளில். டல்ஹௌசி காலத்தில், 1850இல், தொடங்கப்பட்ட இந்துஸ்தான் – திபெத் சாலை அம்மலைகளின் வழியே சென்றது; அதை அமைப்பதிலும் பேணுவதிலும் பேகார் பெரும்பங்கு வகித்தது. கோட்கட்டில் குடியேறி, பிற்காலத்தில் ஆப்பிள் சாகுபடிக்குப் பெயர்பெற்ற சாமுவேல் ஸ்டோக்ஸ், 1920–21இல் ஊர்மக்களைத் திரட்டி இக்கொடுமையை எதிர்த்தார். அரசு பணிந்து வர நேர்ந்தது. சாலை என்பது முன்னேற்றத்தின் அடையாளம் என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டிருந்தபோது, சாலை என்பது தம் முதுகின் மேல் ஏறிய பாரம் என்று ஊரார் அறிந்திருந்தனர்.

விடுதலைக்குப் பின் சாலைக்கான காரணம் மாறியது. 1960இல் எல்லைச் சாலைகள் அமைப்பு உருவாயிற்று. 1962 போர், லடாக்கை எல்லாப் பருவத்திலும் எட்டும் வழியின் தேவையை உணர்த்தியது. மணாலி – லே வழி படைத்துறைத் தேவைக்காக வண்டிச் சாலையாக வளர்ந்து, 1989இல் பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. 1999 கார்கில் போரில் ஸ்ரீநகர் – லே சாலை எதிரியின் பீரங்கிக் குறிக்குள் வந்தபோது, இந்த இரண்டாம் வழியின் மதிப்பு கூடிற்று. பீரங்கி வண்டிக்காக வெட்டப்பட்ட கட்டா வளைவுகளின் இருபத்தொரு கொண்டை ஊசித் திருப்பங்களில்தான் இன்று மிதிவண்டிக்காரர் மூச்சு வாங்குகிறார்.

இச்சாலையை ஒருமுறை போட்டு முடித்துவிட முடியாது. குளிர்காலப் பனி உடைத்ததையும், கோடையில் உருகும் நீர் அரித்ததையும் ஆண்டுதோறும் மீண்டும் கட்ட வேண்டும். அப்பணியைச் செய்வோர் பெரும்பாலும் ஜார்க்கண்டின் தும்கா முதலிய மாவட்டங்களிலிருந்தும், பீகாரிலிருந்தும், நேபாளத்திலிருந்தும் வரும் தினக்கூலிகள். கடல்மட்டத்துக்கு அருகான சமவெளியில் பிறந்தவர்கள் 4,500 மீட்டர் உயரத்தில் கல் உடைத்து, தார் காய்ச்சி, கூடாரத்தில் உறங்குகிறார்கள். அதே உயரத்தில் ஓய்வு நாள் ஒதுக்குமாறு மிதிவண்டிப் பயணிக்கு வழிகாட்டி நூல்கள் அறிவுறுத்துகின்றன.

2020இல் பெருந்தொற்று முடக்கத்தின்போதுதான் இவர்கள் செய்தியானார்கள். மே இறுதியில், லடாக்கில் சிக்கியிருந்த தொழிலாளர் சிலரை ஜார்க்கண்ட் அரசு விமானத்தில் அழைத்து வந்தது. ஜூனில் எல்லைப் பணிக்கு மீண்டும் ஆள் தேவைப்பட்டபோது, அம்மாநில அரசு எல்லைச் சாலைகள் அமைப்புடன் நிபந்தனைகள் பேசியது. இடைத்தரகர் இன்றித் தொழிலாளரின் கணக்கிலேயே ஊதியம் சேர வேண்டும், மருத்துவ வசதியும் பயண வசதியும் வேண்டும் என்பவை அதில் எழுந்த கோரிக்கைகள். பேகாரும் தினக்கூலியும் ஒன்றல்ல. முன்னதில் கட்டாயம், பின்னதில் ஊதியம். ஆயினும் மிகக் குறைந்த வாய்ப்புள்ளவரே கணவாயைச் சுமக்கிறார் என்ற நிலையில் மாற்றம் சிறிது.

2020 அக்டோபர் 3ஆம் நாள் ரோதாங்குக்குக் கீழே 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் திறக்கப்பட்டது. மணாலி – லே தொலைவு 46 கிலோமீட்டர் குறைந்தது. ஷின்கு லா கணவாய்க்கு அடியில் மற்றொரு சுரங்கத்துக்கான வேலை 2024 ஜூலையில் தொடங்கிற்று. பழைய கணவாயின் அழகு போயிற்றே என்று பயணிகள் சிலர் வருந்துவதுண்டு. லாஹூல் மக்களுக்கு அவ்வருத்தம் ஆடம்பரம். ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் உலகிலிருந்து துண்டிக்கப்பட்டு, நோயாளியைக் கொண்டுசெல்ல ஹெலிகாப்டரை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் அவர்கள். கணவாய் திறந்திருந்த மாதங்கள் பயணிக்குப் பருவம். மூடியிருந்த மாதங்களே அவர்களின் வாழ்வு.

சுரங்கம் வேண்டுமா, கணவாய் வேண்டுமா என்ற வாதத்துக்கு லாஹூல் மக்கள் விடை சொல்லிவிட்டனர். ரோதாங்கின் பழைய சாலையும் ஏற விரும்புவோருக்காக இன்னும் இருக்கிறது. தீராமல் நிற்பது கூலியின் கேள்வி. ஒவ்வொரு கணவாயின் உச்சியிலும் அதன் உயரத்தை அறிவிக்கும் பலகை நிற்கிறது. ஏறியவர்கள் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அப்பலகைக்குச் சற்றுக் கீழே, சாலையோரத்தில், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு கல் அடுக்குபவரின் நாள்கூலி என்ன, அது யார் கைவழியாக அவரைச் சேர்கிறது என்பதும் அக்கணவாயின் வரலாற்றில் எழுதப்பட வேண்டிய அளவைதான்.