வீட்டுக் கணப்பில் எரிவாயுக் கட்டைகள்: பொருத்துவதற்கு முன் அறிய வேண்டியவை

புது தில்லி: சிம்லா, முசோரி, நைனிடால், டார்ஜிலிங் போன்ற மலைநகரங்களிலும், தெற்கே உதகமண்டலம், கொடைக்கானலிலும் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில் சுவரோடு சேர்ந்த கணப்பு இன்றும் இருக்கிறது. விறகு சுமப்பது, சாம்பல் அள்ளுவது, புகையில் கண் எரிவது ஆகியவற்றைத் தவிர்க்க விரும்புவோருக்கு, அதே கணப்புக்குள் எரிவாயுக் கட்டைகளைப் பொருத்துவது ஒரு வழி. ஆனால், புகை இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று கருதிவிடக் கூடாது. விறகு அடுப்பில் கோளாறு ஏற்பட்டால் புகை முதலில் எச்சரிக்கும். எரிவாயு அத்தகைய எச்சரிக்கையைத் தருவதில்லை.

2020ஆம் ஆண்டு ஜனவரியில் நேபாளத்தின் தாமன் பகுதிக்குச் சென்றிருந்த கேரளத்தைச் சேர்ந்த சுற்றுலாப் பயணிகள் 8 பேர், விடுதியில் ஒரே அறையில் எரிவாயு ஹீட்டரை எரியவிட்டு உறங்கியபோது உயிரிழந்தனர். அவர்களில் 4 பேர் குழந்தைகள். அறையின் கதவும் ஜன்னல்களும் உட்புறம் தாழிடப்பட்டிருந்ததாக அப்போது தெரிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் கொடைக்கானலில் தங்கும் அறைக்குள் பார்பிக்யூ கரி அடுப்பை வைத்துவிட்டு உறங்கிய இளைஞர்கள் இருவர் மாண்டனர். எரிபொருள் வேறு என்றாலும் இரு நிகழ்வுகளிலும் இருந்த சூழல் ஒன்றே: குளிர், மூடிய அறை, எரியும் நெருப்பு.

எரிவாயுக் கட்டை என்பது என்ன?

விறகைப் போன்ற தோற்றத்தில் பீங்கான் இழையாலோ வெப்பம் தாங்கும் சிமென்டாலோ செய்யப்பட்ட கட்டைகளே எரிவாயுக் கட்டைகள். கட்டைகள் எரிவதில்லை. அவற்றின் அடியில் உள்ள பர்னரிலிருந்து வரும் வாயுவே எரிகிறது. தணல் போன்ற தோற்றத்துக்காக மணல், எரிமலைக் கல் துகள், வெர்மிகுலைட் போன்றவை பர்னரைச் சுற்றிப் பரப்பப்படும். இவை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன. சந்தையில் கிடைப்பவை மூன்று வகைப்படும்.

புகைபோக்கி வழியே வெளியேற்றும் வகை: திறந்த கணப்புக்குள் வைக்கப்படுவது. மஞ்சள் சுடருடன் விறகு நெருப்பைப் போலவே தோன்றும். எரிந்த வாயுக்கள் புகைபோக்கி வழியே வெளியேறியாக வேண்டும். வெப்பத்தின் பெரும்பகுதியும் அவற்றோடு வெளியேறிவிடும் என்பதால், அறையைச் சூடாக்குவதைவிட அழகு சேர்ப்பதே இதன் முதன்மைப் பயன்.

வெளியேற்றம் இல்லாத வகை: எரிந்த வாயுக்களை அறைக்குள்ளேயே விடுவது. வெப்பம் வீணாவதில்லை என்பதே இதன் கவர்ச்சி. ஆனால், நெருப்பு பயன்படுத்துவதும் மனிதர் சுவாசிப்பதும் ஒரே காற்றை. கனடாவிலும் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலும் வீடுகளில் இவ்வகைக்கு அனுமதி இல்லை.

கண்ணாடியால் மூடப்பட்ட வகை: வெளிக்காற்றை ஒரு குழாய் வழியே இழுத்து, எரிந்த வாயுவை மற்றொரு வழியே வெளியே தள்ளுவது. அறைக்காற்றோடு தொடர்பே இல்லாததால் மூன்றிலும் பாதுகாப்பானது இதுவே. விலையும் பொருத்தும் செலவும் அதிகம்.

படுக்கையறையிலோ, குளிருக்காக ஜன்னல்களை இறுக மூடும் வீட்டிலோ இரண்டாம் வகையைப் பொருத்துவதைத் தவிர்க்க வேண்டும்.

மூடிய அறையில் நிகழ்வது

ஒரு கிலோ எல்.பி.ஜி. முழுமையாக எரிய 12 கன மீட்டருக்கும் கூடுதலான காற்று தேவை. 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட அறையில் உள்ள மொத்தக் காற்றே சுமார் 34 கன மீட்டர்தான். மணிக்கு 40,000 பி.டி.யு. திறனுள்ள ஒரு கட்டைத் தொகுதி, ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ எல்.பி.ஜி.யைப் பயன்படுத்தும். அதாவது, காற்றோட்டமே இல்லாத அறையாக இருந்தால், ஒரு மணி நேரத்தில் அறைக்காற்றில் மூன்றில் ஒரு பங்கின் ஆக்சிஜனை அது விழுங்கிவிடும்.

ஆக்சிஜன் குறையக் குறைய வாயு அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. இதற்கு நிறமோ மணமோ இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலிமையுடன் பிணைவதால், உடலுறுப்புகளுக்கு ஆக்சிஜன் செல்வது தடைபடுகிறது. உறங்குபவர் விழித்தெழாமலேயே நினைவிழக்க நேரிடும்.

முதலில் புகைபோக்கி

பொருத்தும் பணியைக் கட்டையிலிருந்து தொடங்கக் கூடாது, புகைபோக்கியிலிருந்து தொடங்க வேண்டும். பல ஆண்டுகள் பயன்படாமல் கிடந்த புகைபோக்கியில் பறவைக் கூடுகள், உதிர்ந்த செங்கற்கள், கெட்டிப்பட்ட கரி ஆகியவை அடைத்திருக்கலாம். மழைநீர் வராமலிருக்க மேல்முனையைப் பலகையாலோ சிமென்டாலோ மூடியிருப்பதும் உண்டு. உட்சுவரில் விரிசல் இருந்தால், எரிந்த வாயு மாடி அறைக்குள்ளும் அடுத்த வீட்டுக்குள்ளும் கசியும். எனவே புகைபோக்கியை முழுவதும் சுத்தம் செய்து, உட்புறத்தைப் பரிசோதித்த பிறகே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.

இழுப்பு இருக்கிறதா என்பதை ஓரளவு வீட்டிலேயே அறியலாம். கதவு, ஜன்னல்களை மூடிவிட்டு, கணப்பின் வாயருகே எரியும் ஊதுபத்தி ஒன்றைப் பிடித்தால், புகை உட்புறமாக மேலே செல்ல வேண்டும். அறைப்பக்கம் திரும்பினால் அந்தக் கணப்பு பயன்பாட்டுக்கு உகந்ததல்ல. சமையலறை அல்லது குளியலறை எக்சாஸ்ட் விசிறியை ஓடவிட்டும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். வலுவான விசிறி, புகைபோக்கி வழியே வெளியேற வேண்டிய வாயுவை அறைக்குள் திருப்பி இழுத்துவிடக் கூடும்.

புகைபோக்கியின் கழுத்தில் திறந்து மூடும் இரும்புத் தகடு ஒன்று இருக்கும். டேம்பர் எனப்படும் இத்தகடு, விறகு எரியாத நேரத்தில் குளிர்காற்று இறங்காமல் தடுப்பதற்கானது. எரிவாயுக் கட்டை பொருத்தியபின் இத்தகடு முழுவதும் மூடிக்கொள்ளாதபடி நிரந்தரமான கவ்வியைப் பொருத்த வேண்டும். வெப்பம் வெளியேறாமலிருக்க இத்தகட்டை மூடிவிடுவது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

எந்த வாயு, எவ்வளவு உயரம்?

குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவுக்கும் சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி.க்கும் பர்னரின் ஜெட் துளை அளவு வேறு. இயற்கை எரிவாயுவுக்கான பர்னரில் எல்.பி.ஜி.யை இணைத்தால், அளவுக்கு மீறிய வாயு பாய்ந்து சுடர் உயரும். கரி படியும். கார்பன் மோனாக்சைடு பெருகும். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது, எந்த வாயுவுக்கானது என்பதைத் தகட்டில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கான தொகுதிகளில் உள்ள விசிறி, மின்பற்றவைப்புக் கருவி ஆகியவை 120 வோல்ட் மின்சாரத்துக்கானவையாக இருக்கலாம். அவற்றை நம் 230 வோல்ட் இணைப்பில் நேரடியாகச் செருகக் கூடாது.

மலைநகரங்களில் கவனிக்க வேண்டியது உயரம். மேலே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைவதால், அதே அளவு வாயு எரியப் போதிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேல் உள்ள இடங்களில், ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் 4 சதவீதம் என்ற கணக்கில் பர்னரின் திறனைக் குறைப்பது அமெரிக்க நடைமுறை. சிம்லாவும் உதகமண்டலமும் 7,000 அடிக்கு மேல் அமைந்தவை. அந்தக் கணக்கின்படி அங்கு கால் பங்குக்கும் மேல் குறைக்க வேண்டியிருக்கும். இதற்குரிய சிறிய ஜெட்டைத் தயாரிப்பாளரிடமே கேட்டுப் பெற வேண்டும். துளையை அடைத்தோ துளைத்தோ தாமாக மாற்றக் கூடாது.

சிலிண்டரும் குழாயும்

எல்.பி.ஜி. காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு பரவி, பள்ளங்களிலும் சாக்கடைகளிலும் நிலவறைகளிலும் தேங்கும். எனவே சிலிண்டரை வீட்டுக்கு வெளியே, தரை மட்டத்துக்கு மேல், காற்றோட்டமுள்ள இடத்தில், நிமிர்த்தி வைக்க வேண்டும். கணப்பின் பக்கத்திலோ படிக்கட்டின் அடியிலோ வைக்கக் கூடாது.

சிலிண்டரிலிருந்து கணப்புவரை உலோகக் குழாயே செல்ல வேண்டும். நெருப்பு எரியும் குழிக்குள் ரப்பர் குழாய் எந்த நிலையிலும் நுழையக் கூடாது. கணப்புக்கு வெளியே, கை எட்டும் இடத்தில், தனி அடைப்பு வால்வு ஒன்று இருப்பது கட்டாயம். நெருப்பின் பக்கம் குனியாமலேயே வாயுவை நிறுத்த முடிய வேண்டும்.

சமையலுக்கான இணைப்பைக் கணப்புக்குப் பயன்படுத்தலாமா, தனி இணைப்பு பெற வேண்டுமா என்பதை எரிவாயு விநியோகஸ்தரிடம் முன்கூட்டியே எழுத்துவடிவில் கேட்டறிய வேண்டும். செலவையும் கணக்கிட வேண்டும். மேற்குறிப்பிட்ட திறனில் தொடர்ந்து எரித்தால் 14.2 கிலோ சிலிண்டர் சுமார் 15 மணி நேரமே வரும். கடுங்குளிரில் வேறொரு சிக்கலும் உண்டு. எல்.பி.ஜி.யில் உள்ள பியூட்டேன் உறைநிலையை ஒட்டிய வெப்பநிலையில் ஆவியாவது நின்றுவிடும். அப்போது சுடர் தளர்ந்தால், சிலிண்டரைச் சூடுபடுத்தவோ வெந்நீர் ஊற்றவோ கூடாது.

பொருத்தும்போது

பிரிட்டனில் கேஸ் சேஃப் பதிவேட்டில் உள்ளவர்கள் மட்டுமே இத்தகைய பணியைச் செய்ய முடியும். சமையல் அடுப்பைப் பழுதுபார்ப்பவர்கள் அனைவருக்கும் புகைபோக்கியைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எரிவாயுக் குழாய்ப் பணியில் பயிற்சி பெற்றவரையே அமர்த்தி, கீழ்க்காண்பவற்றை உடனிருந்து சரிபார்ப்பது நல்லது.

• சுடர் அணைந்தால் வாயுவைத் தானாக நிறுத்தும் பாதுகாப்புக் கருவி இருக்க வேண்டும்.

• வெளியேற்றம் இல்லாத வகையெனில், ஆக்சிஜன் குறைவதை உணரும் கருவி இருக்க வேண்டும். காற்றில் இயல்பாக 21 சதவீதம் அளவில் இருக்கும் ஆக்சிஜன், 18 சதவீதத்தை ஒட்டிக் குறையும்போது இது வாயுவை நிறுத்திவிடும். எவ்வளவு உயரம்வரை இது சரிவர இயங்கும் என்பதைக் கையேட்டில் பார்க்க வேண்டும்.

• கட்டைகளைக் கையேட்டில் உள்ள படத்தின்படியே அடுக்க வேண்டும். அழகுக்காக இடம் மாற்றினால் சுடர் கட்டையில் மோதி அரைகுறையாக எரியும்.

• இணைப்புகள் அனைத்திலும் சோப்பு நீர் தடவிக் கசிவைச் சோதிக்க வேண்டும். தீக்குச்சியால் சோதிப்பது வெடிவிபத்துக்கு வழிவகுக்கும்.

• திரைச்சீலை, மெத்தை, மர நாற்காலி ஆகியவை கணப்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளியிருக்க வேண்டும்.

அலாரம் இரண்டு

கார்பன் மோனாக்சைடு அலாரமும் எரிவாயுக் கசிவு அலாரமும் வெவ்வேறானவை. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. எல்.பி.ஜி. கசிவு அலாரத்தைத் தரையை ஒட்டிப் பொருத்த வேண்டும். கார்பன் மோனாக்சைடு காற்றோடு எளிதில் கலந்துவிடுவதால், அதற்கான அலாரத்தைச் சுவாசிக்கும் உயரத்திலோ கையேடு கூறும் இடத்திலோ, கணப்பு அறையிலும் படுக்கையறைக்கு அருகிலும் பொருத்த வேண்டும்.

அன்றாடப் பயன்பாட்டில்

நெருப்பை எரியவிட்டு உறங்கக் கூடாது. ஜன்னல் ஒன்றைச் சிறிதளவு திறந்து வைக்க வேண்டும். எரிவாயுக் கட்டைகளின் மீது காகிதம், விறகு, குப்பை எதையும் போடக் கூடாது. முதல் முயற்சியில் பற்றாவிட்டால், வாயுவை நிறுத்தி, குறைந்தது 5 நிமிடங்கள் காத்திருந்து மீண்டும் பற்றவைக்க வேண்டும். கட்டைகளில் புதிதாகக் கரி படிவது, ஜன்னல் கண்ணாடியில் வழக்கத்துக்கு மாறாக நீர்த்துளிகள் திரள்வது ஆகியவை காற்றோட்டக் குறைவின் அடையாளங்களாக இருக்கலாம். ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேலான நீர் ஆவியாக வெளிவருகிறது. அது புகைபோக்கி வழியே செல்லாவிட்டால் அறையில்தான் தங்கும். ஆண்டுக்கொரு முறை, குளிர்காலத்துக்கு முன், புகைபோக்கியையும் பர்னரையும் பரிசோதிப்பது அவசியம்.

உடல்நலக் குறைவு தோன்றினால்

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், அசதி ஆகியவை கார்பன் மோனாக்சைடு நச்சின் தொடக்க அறிகுறிகள். காய்ச்சல் இல்லாமல் வீட்டில் உள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் இவை தோன்றினாலோ, வெளியே சென்றதும் குறைந்தாலோ, கணப்பைச் சந்தேகிக்க வேண்டும். உடனடியாக அனைவரும் திறந்தவெளிக்கு வந்துவிட வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை இதில் நம்பக் கூடாது. கார்பன் மோனாக்சைடு பிணைந்த ரத்தத்தையும் ஆக்சிஜன் நிறைந்ததாகவே அது காட்டும். குணமாகிவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குச் சென்று, எரிவாயு அடுப்போ கணப்போ எரிந்துகொண்டிருந்ததை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

எரிவாயு மணம் வந்தால் மின்விளக்கு, விசிறி ஆகியவற்றின் சுவிட்சுகளைப் போடவோ அணைக்கவோ கூடாது. நெருப்பை மூட்டாமல், கதவு, ஜன்னல்களைத் திறந்து, சிலிண்டர் வால்வை மூடிவிட்டு வெளியேற வேண்டும். எல்.பி.ஜி. கசிவு குறித்து 1906 என்ற எண்ணிலும், பிற அவசர உதவிக்கு 112 என்ற எண்ணிலும் நாடு முழுவதும் தொடர்பு கொள்ளலாம். வீட்டுக்கு வெளியே வந்த பிறகே தொலைபேசியைப் பயன்படுத்த வேண்டும்.