காஞ்சிப் பட்டு வணிகத்தில் வாராக் கடன்: சட்ட வழிகளும் அவற்றின் எல்லைகளும்

காஞ்சிபுரத்துப் பட்டு உற்பத்தியாளர் பாவுக்கும் ஜரிகைக்கும் நெசவுக் கூலிக்கும் முதலில் கைப்பணம் போடுகிறார். சென்னைக்கோ பெங்களூருக்கோ கடனுக்கு அனுப்பிய சேலைக்குப் பணம் பிறகுதான் வரும். அது நின்றுபோனால் எந்தச் சட்டம் கைகொடுக்கும்? பலரும் நாடும் செக் வழக்கைவிட, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டமே இங்கு வலுவானது. ஆனால் அதன் பலன் சரக்கு கைமாறும் நாளிலேயே பெரிதும் முடிவாகிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

செக் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி, வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். 2015 திருத்தத்துக்குப் பின், வசூலுக்காகச் செக்கைக் கணக்கில் போட்டவர் தம் வங்கிக் கிளை இருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். ஐதராபாத் கடைக்காரர் காஞ்சிபுரத்துக்கு வர வேண்டியிருக்கும் என்பது பெரிய வசதிதான். ஆனால் செக்கே வாங்காத பற்று வரவுக்கு இது பயன்படாது.

உரிமையியல் வழக்கில் சோதனை சாட்சியத்தில் இருக்கிறது. முறையாக எழுதிய கணக்குப் புத்தகம் ஏற்கத்தக்க சான்றே. எனினும் அது மட்டுமே ஒருவரைக் கடனாளியாக்கப் போதாது என்று 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும் சொல்கிறது. பேரேட்டோடு பில்லும் சரக்கு பெற்ற கையெழுத்தும் சேர வேண்டும். காலவரையறை பொதுவாக மூன்றாண்டு. அது முடியுமுன் கடனாளி எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால் புதிதாகத் தொடங்கும். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் இத்தகைய வழக்கையே தொடர முடியாது.

2006 சட்டம் இதற்கு மாறாக வாங்குபவர் மீது சுமையை வைக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் தவணை 45 நாளைத் தாண்டக் கூடாது. இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. ஆடியில் வாங்கிய சேலைக்குக் கார்த்திகையில் பணம் கேட்டதும், ‘ஜரிகை கறுத்துவிட்டது’ என்று கடைக்காரர் சொல்வதாகக் கொள்வோம். சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்காதவரின் அந்தச் சொல், ஓடத் தொடங்கிய வட்டியை நிறுத்தாது. இச்சட்டத்தின் கீழ் இத்தகைய தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றம் அளிக்கும் தீர்ப்பை எதிர்க்கும் வாங்குபவர், தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும்.

இதற்கும் எல்லை உண்டு. 2021 முதல் வியாபாரிகளும் இத்தகைய நிறுவனங்களுக்கான உத்யம் பதிவைப் பெறலாம். ஆனால் அது வங்கிகளின் முன்னுரிமைத் துறைக் கடனுக்கு மட்டுமே; தாமதப் பணத்துக்கான இந்தப் பாதுகாப்புக்கு அல்ல. ஆகவே பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்குபவர் உற்பத்தியாளராகப் பதிந்திருக்கிறாரா, வியாபாரியாகவா என்பது தீர்மானகரமானது. ஒப்பந்தத்துக்குப் பின் பதிவு செய்தவருக்குப் பழைய சரக்குக்குப் பலனில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறியது. 2025-இல் அக்கேள்வி பெரிய அமர்வுக்குச் சென்றுள்ளதால், முன்னரே பதிவதே பாதுகாப்பு.

வழக்குப் போட்டால் வாடிக்கையாளர் கைவிட்டுப் போவார் என்பது நியாயமான அச்சம். அதற்கு ஓரளவு மாற்று, 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவாகச் சேர்த்த விதி: குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, தந்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம். விற்றவர் வாய் திறக்காமலே, வாங்கியவரின் ஆடிட்டர் அவரை நெருக்குவார். பதிவில்லாதவரிடம் கடைகள் போய்விடும் என்ற கவலை ஜவுளி வட்டாரத்தில் எழுந்ததே இவ்விதியின் கூர்மைக்குச் சான்று.

எனவே பில்லில் உத்யம் எண், தவணை நாள், பெற்றுக்கொண்ட கையெழுத்து ஆகிய மூன்றும் இல்லாமல் காஞ்சியிலிருந்து சரக்கு கிளம்பக் கூடாது. இன்னொன்றும் உண்டு: பதிவு பெற்றுத் தனித்து இயங்கும் கூலி நெசவாளரும் இச்சட்டத்தின் கீழ் வழங்குநராக உரிமை கோரலாம். கடைக்காரரிடம் 45 நாள் கெடுவை வலியுறுத்தும் உற்பத்தியாளர், அத்தகைய நெசவாளர் விஷயத்தில் தாமும் அதே சட்டத்தின் கெடுவுக்குக் கட்டுப்பட வேண்டும்.