இங்கிலாந்துப் பள்ளிகளில் கணினி அறிவியல்: ஒரு பாடம் மறைந்து மீண்ட வரலாறு

பள்ளியில் கணினி கற்பித்தல் என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கணினியைப் பயன்படுத்தக் கற்பிப்பது. கடிதம் தட்டச்சு செய்தல், கணக்குகளை விரிதாளில் அமைத்தல், படவில்லைகள் தயாரித்தல் ஆகியவை இதில் அடங்கும். மற்றொன்று, கணினி எவ்வாறு இயங்குகிறது என்பதையும், நிரல் எழுதி அதனிடம் வேலை வாங்கும் முறையையும் கற்பிப்பது. முன்னது பயன்பாட்டுத் திறன். பின்னது கணினி அறிவியல். 1980களில் பள்ளிக் கணினிக் கல்வியில் முன்னோடியாக விளங்கிய இங்கிலாந்து, இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதால் பின்னதை ஏறத்தாழ இழந்தது. 2014இல் அதை மீண்டும் கொண்டுவந்தபோது வேறு சில சிக்கல்களைச் சந்தித்தது.

தொடக்கம்

1970களின் இறுதியில், நுண்செயலிகளின் வரவால் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலைவாய்ப்பு என்ன ஆகும் என்ற கவலை பிரித்தானியாவில் பரவியது. பி.பி.சி. தொலைக்காட்சி 1978இல் ஒளிபரப்பிய ஓர் ஆவணப்படம் இக்கவலையைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. இதைத் தொடர்ந்து, மக்களுக்குக் கணினி அறிவைப் புகட்டும் திட்டம் ஒன்றை பி.பி.சி. வகுத்தது. நிகழ்ச்சியைப் பார்ப்பவர்கள் வீட்டிலும் பள்ளியிலும் தாமே செய்து பார்க்க ஒரு கணினி தேவைப்பட்டது. அதை உருவாக்கும் பொறுப்பு கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய ஏக்கார்ன் என்ற சிறு நிறுவனத்துக்குக் கிடைத்தது. அந்நிறுவனத்தின் ஸ்டீவ் ஃபர்பர், சோஃபி வில்சன் ஆகியோர் அடங்கிய குழு மாதிரிக் கணினியை ஒரே வாரத்தில் இயங்கச் செய்து பி.பி.சி. அலுவலர்களிடம் காட்டியது.

பி.பி.சி. மைக்ரோ என்ற அக்கணினி 1981 டிசம்பரில் வெளிவந்தது. அதன் மேம்பட்ட வகையின் நினைவகம் 32 கிலோபைட் மட்டுமே. 1982 ஜனவரியில் தொலைக்காட்சித் தொடரும் தொடங்கியது. சுமார் 12,000 கணினிகள் விற்கும் என்று முதலில் எதிர்பார்த்தார்கள். முடிவில் 15 லட்சத்துக்கும் மேல் விற்றன. பள்ளிகள் கணினி வாங்கும் செலவில் பாதியை அரசு ஏற்றுக்கொண்டது. முதலில் உயர்நிலைப் பள்ளிகளுக்கும், பின்னர் தொடக்கப் பள்ளிகளுக்கும் இவ்வுதவி கிடைத்தது.

இக்கணினியை இயக்கியதும் திரையில் படங்களோ பட்டியல்களோ தோன்றாது. அதன் பெயரும், பேசிக் என்ற நிரல்மொழியின் பெயரும், கட்டளைக்காகக் காத்திருக்கும் ஒரு குறியும் மட்டுமே தெரியும். மாணவர் ஏதேனும் கட்டளை தட்டச்சு செய்தால்தான் அடுத்தது நடக்கும். நிரல் எழுதுவதற்கும் மற்றவர் எழுதிய நிரலைப் பயன்படுத்துவதற்கும் இடையே அன்று பெரிய இடைவெளி இல்லை. விளையாட்டு ஒன்றை ஆட விரும்பிய சிறுவர்கள்கூட இதழ்களில் அச்சான நிரலை வரிவரியாகத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, அதன் பிறகே விளையாடினர்.

இந்தியாவில் பி.பி.சி. மைக்ரோ

இதே கணினிதான் இந்தியப் பள்ளிகளின் முதல் பெரிய கணினிக் கல்வித் திட்டத்திலும் இடம்பெற்றது. நடுவண் அரசு 1984இல் தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் முன்னோடித் திட்டத்தில், முதற்கட்டமாக 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணினிகள் வழங்கப்பட்டன. அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் பின்னர் இக்கணினியை யூனிகார்ன் என்ற பெயரில் இந்தியாவிலேயே தயாரித்தது.

பயன்பாட்டுப் பாடமாக மாறிய காலம்

இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தேசியப் பாடத்திட்டத்தை ஏற்படுத்தியது. அதில் தகவல் தொழில்நுட்பம், தொழில்நுட்பப் பாடத்தின் ஒரு பகுதியாக இடம்பெற்றது. 1990களில் பள்ளிகளுக்கு வந்த கணினிகள் முற்றிலும் வேறானவை. சொற்செயலி, விரிதாள் போன்ற ஆயத்த மென்பொருள்கள் அவற்றில் இருந்தன. சுட்டியைச் சொடுக்கினாலே வேலை முடிந்தது. நிரல் எழுத வேண்டிய தேவை கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத் திருத்தம் இப்பாடத்துக்குத் தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் என்று பெயரிட்டது.

இம்மாற்றத்துக்குத் தக்க காரணங்கள் இருந்தன. அலுவலகங்களுக்கு அத்திறன்கள் தேவைப்பட்டன. கணினி அறிவியல் படித்தவர்களுக்கு வெளியே நல்ல ஊதியம் கிடைத்ததால் பள்ளிகளுக்கு அவர்கள் வருவது அரிதாக இருந்தது. வேறு பாட ஆசிரியர்களும் பயன்பாட்டுப் பாடத்தை நடத்த முடிந்தது. தேர்ச்சிப் பட்டியலில் முன்னேற விரும்பிய பள்ளிகளுக்கு இன்னொரு கவர்ச்சியும் இருந்தது. இத்துறையின் சில தொழிற்கல்விச் சான்றிதழ்கள், 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வில் நான்கு பாடங்களுக்கு இணையாகக் கணக்கிடப்பட்டன.

ஒவ்வொரு முடிவும் தனியே பார்க்கும்போது பொருத்தமாகவே தோன்றியது. ஆனால் அவை சேர்ந்து ஒரு பாடத்தை வெறுமையாக்கின. வீட்டிலேயே கணினி பழகிய மாணவர்கள், தெரிந்த வேலைகளையே ஆண்டுதோறும் வகுப்பில் திரும்பச் செய்தனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிப்போரின் எண்ணிக்கையும், அவர்கள் கொண்டுவந்த நிரலாக்க அனுபவமும் 2000களில் குறைந்துவருவதை அங்கு பணியாற்றிய எபன் அப்டன் கவனித்தார். 1980களில் வீட்டுக் கணினியில் நிரல் எழுதிப் பழகிய தலைமுறைக்குப் பின் அந்த வாசல் மூடிவிட்டது என்பது அவரது முடிவு.

மீட்பு முயற்சி

2008இல் பேராசிரியர்களும் ஆசிரியர்களும் மென்பொருள் வல்லுநர்களும் சேர்ந்து ‘கம்ப்யூட்டிங் அட் ஸ்கூல்’ என்ற அமைப்பைத் தொடங்கினர். ஆய்வாளர் சைமன் பெய்ட்டன் ஜோன்ஸ் அதை முன்னின்று நடத்தினார். 2011 ஆகஸ்டில் கூகுள் தலைவர் எரிக் ஷ்மிட் எடின்பரோவில் ஆற்றிய உரையில், கணினி வரலாற்றில் சிறப்பிடம் பெற்ற பிரித்தானியா தன் பள்ளிகளில் கணினி அறிவியலைப் பொதுவாகக் கற்பிப்பதில்லை என்று வியப்புத் தெரிவித்தார். பல ஆண்டுகளாக ஆசிரியர்கள் சொல்லிவந்தது அதன்பின் அரசியல் கவனம் பெற்றது.

2012 ஜனவரியில் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ், நடப்பிலிருந்த பாடத்திட்டத்தை விலக்கிக்கொள்வதாக அறிவித்தார். அதே மாதத்தில் ராயல் சொசைட்டியின் ஆய்வறிக்கையும் வந்தது. அந்த ஆய்வுக் குழுவின் தலைவர், முப்பது ஆண்டுகளுக்கு முன் பி.பி.சி. மைக்ரோவை வடிவமைத்த ஸ்டீவ் ஃபர்பர். ஒரே பெயருக்குள் குழம்பிக் கிடந்தவற்றை அறிக்கை மூன்றாகப் பிரித்தது: கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், எண்ணிம எழுத்தறிவு. அடுத்த மாதம், 2012 பிப்ரவரி 29 அன்று, அப்டனும் அவரது நண்பர்களும் உருவாக்கிய ராஸ்பெரி பை என்னும் மலிவு விலைக் கணினி விற்பனைக்கு வந்தது.

புதிய பாடம் 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஐந்து வயதுக் குழந்தைகள் படிமுறை என்றால் என்ன என்பதை அறிந்து, எளிய நிரல் எழுதிப் பிழை திருத்தத் தொடங்குகின்றனர். 11 முதல் 14 வயது வரையான மாணவர்கள் குறைந்தது இரண்டு நிரல்மொழிகளைப் பயன்படுத்த வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் எழுத்துவழி நிரல்மொழியாக இருக்க வேண்டும். இரும எண்கள், தேடல், வரிசைப்படுத்தல் ஆகியவையும் அவர்களின் பாடத்தில் உள்ளன.

மீட்பின் விலை

பாடத்திட்டம் மாறிய வேகத்தில் ஆசிரியர்களை உருவாக்க முடியவில்லை. விரிதாள் கற்பித்துவந்த பலர், தாமே கற்றிராத நிரலாக்கத்தைக் கற்பிக்க நேர்ந்தது. ராயல் சொசைட்டி 2017இல் வெளியிட்ட மற்றோர் அறிக்கை, இங்கிலாந்தில் 54 விழுக்காட்டுப் பள்ளிகளில் ஜி.சி.எஸ்.இ. கணினி அறிவியல் கற்பிக்கப்படவில்லை என்று காட்டியது. அப்பாடத்தைத் தேர்வுக்கு எடுத்தவர்களில் 20 விழுக்காட்டினரே மாணவிகள். அரசு 8.4 கோடி பவுண்டு ஒதுக்கி, ஆசிரியர் பயிற்சிக்கான தேசிய மையத்தை 2018இல் ஏற்படுத்தியது.

மாணவிகளின் குறைவு தனியே கவனிக்கத்தக்கது. நீக்கப்பட்ட பழைய தேர்வில் அவர்களின் பங்கு இதைவிடக் கூடுதலாக இருந்தது. பழைய பாடத்தில் ஆழம் இல்லை என்ற குறை உண்மைதான். ஆனால் பல வகை மாணவர்களுக்கு அதில் இடம் இருந்தது. 2012 அறிக்கை பிரித்துக் காட்டிய மூன்றில் கணினி அறிவியல் வலுப்பெற, மற்ற இரண்டுக்கும் தனித் தேர்வு இல்லாமல் போனது. நிரலாக்கத்தில் நாட்டமில்லாத மாணவர்கள் 14 வயதுக்குப் பின் கணினிக் கல்வியிலிருந்தே விலகிப்போகும் நிலை உருவானது.

ஒரு காலத்தில் பயன்பாடு அறிவியலை வெளியே தள்ளியது; அடுத்த காலத்தில் அறிவியல் பயன்பாட்டை ஒதுக்கியது. இரண்டுக்கும் வகுப்பறையில் இடம் வேண்டும் என்பதும், இரண்டையும் கற்பிக்கத் தேர்ந்த ஆசிரியர்கள் முதலில் வேண்டும் என்பதும் பள்ளிகளில் கணினிப் பாடத்தை வகுக்கும் எந்த நாட்டுக்கும் இவ்வரலாறு தரும் பாடமாகும்.