பூனை மணலும் நாயின் நாக்கும்

வீட்டு நாய் பூனைக் கழிவைத் தின்கிறதே என்று தலையில் அடித்துக் கொள்பவர்கள் பலர். இந்தத் தொல்லைக்குப் பின்னால் ஒரு வியாபாரக் கதை இருக்கிறது!

1947, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். குளிரில் மணல் உறைந்து போனதால், பக்கத்து வீட்டுப் பெண்மணி எட் லோவிடம் பூனைக்காக மணல் கேட்டார். சாம்பல் போட்டால் வீடெங்கும் பூனையின் காலடித் தடம். லோ கொடுத்ததோ எண்ணெய் உறிஞ்சப் பயன்படும் களிமண். நன்றாக வேலை செய்தது. பைகளில் அடைத்து 'கிட்டி லிட்டர்' என்று எழுதினார். 'சும்மா கிடைக்கும் மணல் இருக்க, இதற்கு 65 சென்ட்டா?' என்று கடைக்காரர் தயங்க, முதலில் இலவசமாகவே கொடுக்கச் சொன்னார். புதிய சந்தை பிறந்தது.

பூனைகள் வீட்டுக்குள்ளேயே வாழ்வது சுலபமானது. கழிவுப் பெட்டியும் நாயின் மூக்குக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது! பூனை உணவில் புரதம் அதிகம். அந்த வாசனைதான் நாயை இழுக்கிறது. 1980களில், ஈரம் பட்டால் கட்டியாகும் பென்டோனைட் மணல் வந்தது. கழிவோடு அதையும் நிறைய விழுங்கினால் நாயின் குடல் அடைபடலாம். புழுக்களும் தொற்றலாம்.

அடித்தோ திட்டியோ பயனில்லை. பெட்டியை உயரத்தில் வையுங்கள். அல்லது பூனை மட்டும் நுழையும் அளவுக்குக் கதவைத் திறந்து கொக்கி போடுங்கள். தினமும் அள்ளிவிடுங்கள். பூனையின் வசதிக்கு வந்த பெட்டி, நாய்க்கு விருந்தாக வேண்டாமே!